எங்கள் படத்தில் பேய் யார் என்று எங்களுக்கே மூன்று பதில்: குறைந்த செலவில் எடுக்கும், மனசுக்குள் நடக்கும் பேய்ப் படங்கள் ஏன் புரியாமல் போகின்றன?

டிக்கோயா_கெமரா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம், 38 நிமிடம். இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆளில்லாமல் கிடந்த பழைய லயத்தில்தான் (தொழிலாளர்களின் வரிசை வீடு) முழுப் படமும். கொழும்பில் கார்மன்ட்ஸ் வேலை செய்யும் ஒரு பெண், அம்மாவின் கருமாதிக்கு வீட்டுக்கு வருகிறாள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகும் அவள் மட்டும் தங்குகிறாள். ராத்திரி பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த அறையில், யாரோ இருமுகிறார்கள். அந்தக் காம்பரா பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அம்மாவும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருமினார். அங்கிருந்து அவள் மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது. இடையில் அவள் தம்பி தேயிலைக்குள் ஒரு உருவத்தைப் பார்க்கிறான். கடைசியில் அவள் பூட்டை உடைத்து உள்ளே போனால், பாயில் அவளே படுத்திருக்கிறாள். அதோடு படம் முடிகிறது.

தோட்டத்து மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினோம். ஆட்கள் பயந்தார்கள், அது உண்மை. ஆனால் லைட் போட்டதும் ஒரு அம்மா எழும்பி, "அப்ப அந்தப் புள்ள செத்துப்போச்சா, இல்ல கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கேட்டார். கெமரா பிடித்த நான் "கிறுக்கு" என்றேன், டைரக்ட் பண்ணினவன் அதே நேரத்தில் "செத்துட்டா" என்றான், கதை எழுதினவன் "அது அம்மாவோட ஆவி" என்றான். மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் போனில் இதே மாதிரிக் குறைந்த செலவில் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், பல மொழிகளில். நிறையப் படங்களில் இதே கோளாறுதான். முதல் அரை மணி நேரம் இழுத்துப் பிடிக்கிறது, பிறகு எங்கேயோ கயிறு அறுந்துவிடுகிறது. இது காசில்லாததால் வருவதா, வேறு காரணமா?

மஸ்கெலியா_பொடியன்:

காசுதான் மச்சான். நல்ல நடிகர், நல்ல லைட், நல்ல சவுண்ட் இருந்தால் கதையில் ஓட்டை இருந்தாலும் ஆட்கள் கவனிக்க மாட்டார்கள். நம்மிடம் அது இல்லை, அதனால் ஓட்டை தெரிகிறது.

வெட்டுமேசை:

தம்பி, நான் கல்யாண வீடியோ, கோயில் திருவிழா வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவன். பதினாலு வருஷமாக இந்த வேலைதான். பொடியன்கள் எடுத்த குறும்படங்களும் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன, அதில் பாதி பேய்ப் படம். அதனால் உறுதியாகச் சொல்கிறேன், காசு காரணம் என்பது பாதி உண்மை. காசில்லாதது கதையை எந்த வழியாக வந்து கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, நேரம் போதாமல் போனால் எந்தக் காட்சியை விடுவீர்கள்? பயமுறுத்தும் காட்சியை யாரும் விடுவதில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றுவது, பீலிக்கு (தண்ணீர் விழும் குழாயடி) தண்ணிக்குப் போவது, பக்கத்து வீட்டு அக்காவோடு சும்மா கதைப்பது, இதைத்தான் விடுவார்கள். என் மேசைக்கு வரும் புட்டேஜில் பேய் ஐந்து கோணத்தில் இருக்கும், அந்தப் பெண் சாதாரணமாக இருந்த ஒரு நாள்கூட இருக்காது. பிறகு அவள் மனசு கலைந்துவிட்டது என்று எதை வைத்துப் பார்ப்பவன் அளப்பான்? கலையாத மனசை நீங்கள் காட்டவே இல்லையே.

பாரானோர்மல் அக்டிவிட்டி படத்தை ஓரென் பெலி ஏறக்குறைய 15,000 டொலரில், தன் சொந்த வீட்டில், ஏழு நாளில் எடுத்தார். அதில் ராத்திரிக் காட்சிகளில் கெமரா ஒரே இடத்தில் நிற்கும். அதே கட்டில், அதே கதவு, மூலையில் மணி ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது ராத்திரிக்குள் அந்த அறை நமக்கு மனப்பாடம். அதனால் கதவு கொஞ்சம் அசைந்தாலே போதும். ஸ்டாண்டில் கெமராவை நிறுத்தி வைக்க என்ன செலவு?

இரண்டாவது நம்ம ஊருக்கே உள்ள பிரச்சினை. பனி. காலை எட்டு மணிக்கு வெயிலில் ஒரு ஷொட் எடுப்பீர்கள், மத்தியானம் ரெண்டு மணிக்கு மூடுபனி இறங்கிவிடும், அதே காட்சியின் மிச்சத்தை அதில் எடுப்பீர்கள். "பேய்ப் படம்தானே, பனி அழகா இருக்கு" என்று விட்டுவிடுவீர்கள். பார்ப்பவருக்கு அது அப்படித் தெரியாது. வெயில் திடீரென்று பனியானால் இது கனவு, இல்லாவிட்டால் பழைய ஞாபகம் என்று நினைத்துக்கொள்வார். பத்து நிமிடம் அந்த நினைப்போடே பார்த்துவிட்டு, கனவு இல்லை என்று தெரிந்ததும் கையை விட்டுவிடுவார். சாதாரணக் காதல் படத்தில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. மனசைப் பற்றிய படத்தில் வெளிச்சம் மாறினாலே அர்த்தம் மாறும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. உங்கள் தம்பி காட்சி. முழுப் படமும் அந்தப் பெண் பார்ப்பதையும் கேட்பதையும் வைத்து ஓடுகிறது. திடீரென்று அவள் இல்லாத இடத்தில், அவளுக்குத் தெரியாமல், வேறு ஒருவன் உருவத்தைப் பார்க்கிறான். அப்படியென்றால் அந்த உருவம் யார் மனசில் இருக்கிறது? அந்த ஒரு காட்சியோடு "எல்லாம் அவள் மனசு" என்ற கதை செத்துவிட்டது. ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள், அந்தக் காட்சி ஸ்கிரிப்டில் முதலிலேயே இருந்ததா? ஒன்று செய்யுங்கள். எல்லாக் காட்சியையும் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது கதைக்காக வந்ததா, அன்றைக்கு வந்த மழைக்காக வந்ததா என்று குறித்துப் பாருங்கள்.

பழைய_வாத்தியார்:

எனக்குச் சினிமாத் தொழில் தெரியாது. பேய்க்கதை தெரியும். சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் பேயோட்டும் கோடங்கி வந்து உடுக்கடிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நம்புகிறீர்களா இல்லையா என்பது வேறு விஷயம், அந்த முறையைக் கவனியுங்கள். பிடித்த ஆளை உட்கார வைத்து அவர் கேள்வி கேட்பார். நீ யார்? எங்கே வைத்துப் பிடித்தாய்? ஏன் பிடித்தாய்? என்ன கேட்கிறாய்? எதை வாங்கிக்கொண்டு போவாய்? இதற்கெல்லாம் பதில் வரும் வரைக்கும் உடுக்கு நிற்காது. விடிய விடியக்கூட நடக்கும். பதில் வந்த பிறகுதான் உச்சி மயிரை முடிந்து மரத்தில் ஆணி அடிப்பார்.

எங்கள் அப்பாயி சொல்லும் கதைகளும் அப்படித்தான். முதலில் இடத்தைச் சொல்வார். எந்த மலை, எந்த நம்பர், பீலிக்கரைக்கு மேலே எந்தச் சவுக்கு மரம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆளைச் சொல்வார். மறுநாள் அந்த மரத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போக எங்களுக்குக் கால் வராது. நம்ம மலைகளில் சாமிக்கும் எல்லை உண்டு. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோதை முனி; தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச்சாமி. ரோதை முனி வந்து கவ்வாத்து மலையைக் காவல் காப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லை இருப்பதால்தான் அதை மீறினால் என்ன ஆகும் என்ற பயம் வருகிறது. இப்போது வரும் படங்களில் பேய் எங்கேயும் வரும், எதையும் செய்யும், யார் கண்ணுக்கும் தெரியும். எனக்குப் பயமே வருவதில்லை, சலிப்புத்தான் வருகிறது.

தம்பி, கோடங்கி கேட்கும் அந்த ஐந்து கேள்வியையும் நீங்கள் ஐந்து பேரும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். பதில்கள் ஒத்துப்போன பிறகு கெமராவைத் தூக்குங்கள். படத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்றில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலைக்காற்று:

வாத்தியார் சேர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மனசுக்குள் நடக்கும் கதைக்குக் கோடங்கி முறை போதாது. நான் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன், இந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கதையை முடிக்கத் தெரியாவிட்டால் கடைசி இரண்டு நிமிடத்தில் "அவளுக்கு மனநோய்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நோய் அப்படி வருவதில்லை. தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், ஆட்களைக் கண்டால் ஒதுங்குவார்கள், வீட்டில் எல்லாருக்கும் ஏதோ சரியில்லை என்று முன்பே தெரியும். மனநோயில் கண்ணுக்கு உருவம் தெரிவதைவிடக் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். படத்தில் எப்போதும் வெள்ளைச் சேலை உருவம்தான் வரும், ஏனென்றால் கெமராவுக்கு அதுதான் வசதி.

தம்பி, உங்கள் கதையில் நல்ல விஷயம் அந்த இருமல். அது சத்தம். இன்னொன்றும் சொல்கிறேன். ஒருவர் செத்துக் கொஞ்ச நாளில் அவர் குரல் கேட்பது, அவர் நடமாடுவது போல் தோன்றுவது, துக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பரவலாக நடப்பதுதான். அது மட்டும் நோய் இல்லை. எங்கள் அப்பா போன பிறகு அம்மாவுக்கு விடியற்காலையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அம்மா எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிவிடுவார், பிறகுதான் ஞாபகம் வரும். ஆகவே உங்கள் பெண் செத்தவளும் இல்லை, கிறுக்கும் இல்லை, அம்மாவைப் பறிகொடுத்தவள். ஆனால் அம்மாவின் எத்தனையோ ஞாபகங்கள் இருக்கும்போது அவளுக்கு ஏன் இருமல் மட்டும் கேட்கிறது? அதற்கு ஒரு காரணம் படத்தில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் அந்தச் சத்தம் வெறும் சத்தம்தான்.

காசைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கார்னிவல் ஒஃப் சோல்ஸ் என்று 1962இல் வந்த படம். ஹெர்க் ஹார்வி என்பவர் ஏறக்குறைய 33,000 டொலரில் மூன்று வாரத்தில் எடுத்தது. அவர் தொழில், பாடசாலைகளுக்கும் கம்பனிகளுக்கும் விளக்கப் படம் எடுப்பது. அதில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று சுற்றியுள்ள எந்தச் சத்தமும் கேட்காமல் போகும், அந்த நேரம் அவள் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியாது. இது படத்தின் நடுவில் ஒரு தடவைக்கு மேல் நடக்கிறது. கடைசியில் அவள் யார் என்று தெரியும்போது அந்த மௌனம் எல்லாம் சரியாக வந்து பொருந்துகிறது. சத்தத்தை நிறுத்துவதற்கு அவர்களுக்குச் செலவே ஆகியிருக்காது.

மஸ்கெலியா_பொடியன்:

அக்கா சொன்னது சரிதான், நான் அவசரப்பட்டுக் காசு என்று எழுதிவிட்டேன். ஆனால் சவுண்ட் விஷயத்தை விடமாட்டேன். லயத்தில் எடுத்த படங்களில் ஒரு ஷொட்டுக்கு மழைச் சத்தம் இருக்கும், அடுத்த ஷொட்டுக்கு இருக்காது. எது வேண்டுமென்று வைத்த சத்தம், எது பிழையாக வந்த சத்தம் என்று தெரியாமல் நான் குழம்பியிருக்கிறேன்.

டிக்கோயா_கெமரா:

எல்லாருக்கும் நன்றி. வெட்டுமேசை அண்ணே சொன்ன மாதிரி நேற்று ராத்திரி கொப்பியில் எழுதிப் பார்த்தோம். மொத்தம் 41 காட்சி. அதில் ஒன்பது காட்சி கதைக்காக வந்தது இல்லை. தம்பி காட்சி ஸ்கிரிப்டில் இல்லவே இல்லை. அந்தப் பெண்ணாக நடித்த அக்காவுக்கு லீவு முடிந்து கொழும்புக்குப் போய்விட்டார், எங்களுக்கு ஒரு நாள் கெமரா வாடகை மிச்சம் இருந்தது, அந்த நாளை வீணாக்கக் கூடாது என்று எடுத்தது. பாயில் அவளே படுத்திருக்கும் முடிவும் அப்படித்தான், அம்மாவாக நடிக்க ஒத்துக்கொண்டவர் அன்றைக்கு வரவில்லை. காட்சியை மாற்றினோமே தவிர, மாற்றிய பிறகு கதையை ஒரு தடவைகூடத் திரும்ப வாசிக்கவில்லை. மூன்று பேருக்கு மூன்று கதை அங்கேதான் உண்டாகியிருக்கிறது.

மலைக்காற்று அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் பழைய ஸ்கிரிப்டிலேயே இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. படத்தின் முதல் காட்சியாக எழுதியிருந்தோம்: கொழும்பில் போர்டிங் அறை, அம்மா போனில் பேசுகிறார், பேச முடியாமல் இருமுகிறார், இருமல் நிற்கவே இல்லை, இவள் "சரிம்மா, பிறகு எடுக்கிறேன்" என்று போனை வைத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. அதில் பயம் ஒன்றும் இல்லை, கொழும்புக்குப் போய் எடுக்கவும் நேரமில்லை என்று விட்டுவிட்டோம்.

மலைக்காற்று:

தம்பி, அதுதான் உங்கள் படம். அவள் ஏன் எல்லாரும் போன பிறகும் தங்குகிறாள் என்பதற்கும் அதுதான் பதில். அதை எடுங்கள்.

பழைய_வாத்தியார்:

என்ன கேட்கிறாய் என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. பேசி முடிக்காத பேச்சைக் கேட்கிறது.

வெட்டுமேசை:

கொழும்புக்குப் போக வேண்டாம். எந்த அறையும் போதும், ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு ஆள். வாகனச் சத்தத்தைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். தம்பி காட்சியை முழுதாக எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். முடிவைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள், பூட்டை உடைத்தால் உள்ளே காலி அறையாக இருக்கலாம், இருமல் அப்போதும் கேட்கலாம். உங்கள் லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போகிறதா?

டிக்கோயா_கெமரா:

இல்லை அண்ணே, மேலே திறந்துதான் கிடக்கிறது. ஒரு காம்பராவில் இருமினால் நாலு காம்பரா தள்ளிக் கேட்கும். அந்த அக்காவுக்குப் பொங்கலுக்கு லீவு இருக்கிறது, அப்போது எடுக்கலாம். அம்மா குரலுக்கு எங்கள் அத்தை சம்மதித்திருக்கிறார், முப்பது வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவர்.

வெட்டுமேசை:

நல்லது. அத்தையின் குரலை மைக்கில் எடுக்காதீர்கள். அவரை வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார வைத்து, உண்மையாகவே போன் எடுத்துப் பேச வைத்து, இந்தப் பக்கத்துப் போனில் வருவதை ரெக்கோர்ட் பண்ணுங்கள். அதோடு அந்த லயத்துக்கே கூட்டிக்கொண்டு போய், பூட்டின காம்பராவில் இருந்து அதே அளவு நேரம் இரும வைத்து, பக்கத்துக் காம்பராவில் இருந்து இன்னொரு தடவை எடுங்கள். இரண்டும் எனக்கு வேண்டும். எடிட்டிங்குக்குக் காசு வாங்க மாட்டேன், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொண்டுவாருங்கள்.