‘சைன்’ என்பதற்கு ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் ‘சைன்’ (sign) என்பதற்கு எல்லாத் துறைகளிலும் ‘சமிக்ஞை’ என்ற ஒரே சொல்லை ஆளலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. இலங்கையில் அச்சொல், வீதிச் சமிக்ஞை விளக்கு முதலாக, ‘சிக்னல்’ என்பதற்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அண்மையில் இங்கே கொழும்பில், ஆய்வுகூடப் போத்தல்களுக்கான சுட்டுத்துண்டுகளையும் டெங்கு பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றையும் அடுத்தடுத்து மொழிபெயர்த்தபோது, இரண்டிலும் ‘எச்சரிக்கைக் குறி’ என்று எழுதிவிட்டுப் பின்னர் தடுமாறினேன். போத்தலில் உள்ள குறியை நம்மை எச்சரிப்பதற்கென்றே ஒருவர் இட்டிருக்கிறார். நோயாளியின் ஓயாத வாந்தியையும் பல் முரசில் (ஈறில்) கசியும் இரத்தத்தையும் யாரும் இடவில்லை, நாமே அவற்றைக் கொண்டு ஆபத்தை அறிகிறோம்.

இவ்வேறுபாட்டுக்கு உரிய சொற்கள் நம்மிடமே இருக்கின்றன: முன்னதற்கு இலக்கணத்தில் பயின்ற ‘இடுகுறி’, பின்னதற்கு வழக்கிலுள்ள ‘அறிகுறி’. இடுகுறி என்றால் காரணமற்றது அல்லவா, தீப்பற்றும் பொருளின் போத்தலில் தீச்சுவாலை வரைவதற்குக் காரணம் உண்டே என்று கேட்கலாம். காரணம் இருந்தும் வழக்கால் ஒன்றற்கே உரியதாக நிற்கும் ‘காரண இடுகுறி’ என்றொரு வகையையும் இலக்கணம் சொல்வதால், சுவாலையை அதில் அடக்கலாம். தூய இடுகுறிக்கு, 1966இல் அமெரிக்காவில் உருவான உயிரியல் ஆபத்துக் குறியைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. எளிதில் நினைவில் நிற்க வேண்டும், ஆனால் முன்பே வேறு பொருள் எதையும் சுட்டியிருக்கக் கூடாது என்பதே அதைத் தெரிந்தெடுத்தவர்களின் நிபந்தனை.

மருத்துவத்தில் அறிகுறியை மேலும் பிரிக்க வேண்டியுள்ளது. வயிற்றுவலியை நோயாளி சொன்னால்தான் தெரியும். ஈரல் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வீங்கியிருப்பதை மருத்துவரே தொட்டறிய வேண்டும். ஆங்கில மருத்துவ வழக்கில் முன்னது ‘சிம்டம்’ (symptom), பின்னதே ‘சைன்’. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2009ஆம் ஆண்டு டெங்கு வழிகாட்டியோ இரண்டையும் ‘வோர்னிங் சைன்ஸ்’ (warning signs) என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்திருக்கிறது. ஆகவே ஆங்கிலமும் இங்கே கறாராக இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. முதலாவதை ‘உணர்குறி’ என்றும் இரண்டாவதைக் ‘காண்குறி’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. தொட்டறிவதைக் காண்பது எனலாமா என்றால், நாடியைக் கையால் தொட்டுப் பார்ப்பதையே ‘நாடி பார்த்தல்’ என்கிறோம். பொதுமக்களுக்கான பிரசுரத்தில் இரண்டுக்கும் பொதுவாகக் ‘குணங்குறி’ இருக்கட்டும்.

சைகை பெரும்பாலும் இடுகுறியே. நாம் ‘ஓம்’ என்று பக்கவாட்டில் தலையசைப்பதை வெளிநாட்டவர் மறுப்பாகக் கொள்வது அதனால்தான். தன்னையறியாமல் முகத்தில் தோன்றுவதற்கோ ‘குறிப்பு’ என்ற சொல் இருந்தது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் 71ஆம், 110ஆம் அதிகாரங்கள் இரண்டு உள்ளன. இன்று அச்சொல்லைப் பாடக்குறிப்பும் சமையற்குறிப்பும் பிடித்துக்கொண்டன. கணிதத்தின் சக, சய (கூட்டல், கழித்தல்) அடையாளங்களுக்கு வெறும் ‘குறி’யே போதும்.

‘காண்குறி’யைவிடத் தகுந்த சொல் இருப்பின், மருத்துவம் பயின்ற அன்பர்கள் தெரிவியுங்கள். பிரசுரம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.