வேட்டை பிடிக்காத பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொடிவேரிக்காரன் எழுதியது:

"அமெரிக்காவில் வரப்புத் தகராறே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் நான் ஒன்றரை வருடம் தூக்கம் கெட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்குக் கோபி பக்கம். வேலை பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் அருகே. 2017-இல் ஹன்டிங்டன் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மலைச்சரிவில் 26 ஏக்கர் காடு வாங்கினேன். உடன் வேலை பார்த்த ஒருவர் மான் வேட்டைக்குப் பழக்கிவிட்டார். வருடத்துக்கு ஒரு மான். தொடைக்கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் ஆட்டுக்கறி எதற்கு என்று தோன்றும்.

பக்கத்து நிலம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. எழுபது தாண்டியவர், துணைக்கு ஒரு பழுப்பு நாய். மான்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். வேட்டை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. எங்களுக்கு நடுவில் ஒரு கல்வரிசை ஓடுகிறது. அந்தக் காலத்தில் உழுதவர்கள் பொறுக்கிப் போட்டது. முதல் மூன்று வருடம் நானும் அதைத்தான் எல்லை என்று நினைத்தேன். 2020-இல் சும்மா இருக்காமல் கவுன்டியின் இணைய வரைபடத்தைப் போனில் திறந்து பார்த்தேன். என் கோடு கல்வரிசையைத் தாண்டி அவர் பக்கம் அறுபது அடி போய்க் கிடந்தது. உடனே ஒரு மரத்தைப் பார்த்து அங்கே பரண் கட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் எங்கப்பா இப்படிச் செய்திருந்தால் பஞ்சாயத்தே கூடியிருக்கும்.

ஒரு வாரத்தில் மரங்களில் மஞ்சள் அட்டைகள் முளைத்தன: நுழையாதே, வேட்டையாடாதே. பரணுக்கு எண்பது அடி தள்ளி ஒரு தொட்டியில் உடைத்த மக்காச்சோளம் கொட்ட ஆரம்பித்தார். இங்கேதான் எனக்குச் சிக்கல். மானுக்குத் தீனி வைத்த இடத்தில் வேட்டையாடுவது குற்றம். தீனியையும் அதன் மிச்சத்தையும் அகற்றி 30 நாள் ஆன பிறகுதான் அங்கே வேட்டையாடலாம். யார் கொட்டினாலும் மாட்டுவது பரணில் இருப்பவன். சொல்லப்போனால் எங்கள் பகுதியில் மானுக்குத் தீனி வைப்பதே தடை. மான்களின் மூளையை அரிக்கும் ஒரு தீராத நோய் 2012-இல் இந்த மாநிலத்தில் தெரியவந்தது. ஒரே தொட்டியில் பல மான்கள் வாய் வைத்தால் அது பரவும். வேட்டையாடினால் மான் தலையைக் கொண்டுபோய்ப் போட அரசே பெட்டி வைத்திருக்கிறது, சோதனை இலவசம். அவர்மேல் புகார் கொடுக்க எனக்கு இது ஒன்றே போதும். ஆனால் தனியாக இருக்கும் வயதான அம்மாவை மக்காச்சோளத்துக்காகப் பிடித்துக் கொடுக்க மனசு வரவில்லை. சோளம் இருக்கும்வரை நான் பரண் ஏறவும் இல்லை. அந்த வருட சீசன் அப்படியே போயிற்று.

2021 கோடையில் தொட்டி காலியானது. நவம்பரில், துப்பாக்கி சீசனின் முதல் நாள், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை. (2019-க்கு முன்பு திங்கட்கிழமை தொடங்கும், நிறைய பள்ளிகளுக்கு லீவு விடுவார்கள்.) ஏழு மணி, இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. டங் டங் என்று சத்தம். பைனாகுலரை எடுத்தேன். துப்பாக்கியின் ஸ்கோப் வழியாக ஆளைப் பார்க்கவே கூடாது, முதல் வேட்டை லைசென்ஸுக்கு முன் எடுக்கிற வகுப்பில் அதைத் தலையில் அடித்துச் சொல்லித் தருவார்கள். அறுபது தப்படி தூரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாணலியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறக் கோட்டு. காலடியில் பழுப்பு நாய், அதுவும் மான் நிறம். அந்த சீசனில் எங்களுக்குத் தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு இருக்க வேண்டும். அவர்மேல் ஒரு நூல் ஆரஞ்சு இல்லை. என் பக்கம் சரி, சரிவுக்குக் கீழே இன்னும் எத்தனை பேர் துப்பாக்கியோடு இருக்கிறார்களோ. தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "வார்டனைக் கூப்பிடு." வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கிற அதிகாரியைத்தான் வார்டன் என்பார்கள். சட்டப்படி நடக்கும் வேட்டையை வேண்டுமென்றே கெடுப்பது 50 மாநிலங்களிலும் குற்றம்தான். நான் கடைக்குப் போய் இரண்டு ஆரஞ்சுச் சட்டை வாங்கினேன், ஒன்று ஆளுக்கு, ஒன்று நாய்க்கு. கதவைத் தட்டிக் கொடுத்தேன். நாய்க்கு உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

சரி, முதலில் நிலத்தை அளப்போம் என்று சர்வேயரை அழைத்தேன். செலவு 3,100 டாலர், வயிறு எரிந்தது. ஆனால் அந்த ஆள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய பத்திரத்தில் நீளமெல்லாம் 'பெர்ச்' கணக்கு. ஒரு பெர்ச் பதினாறரை அடி. "அங்கிருந்து 42 பெர்ச் போய் ஒரு வெள்ளை ஓக் மரம் வரை" என்று எழுதியிருக்கிறது. மரம் எங்கே? மட்கிப்போன அடிக்கட்டைதான் இருந்தது. அந்தக் காலத்தில் திசையைக் காந்த ஊசி வைத்துக் குறித்தார்கள். நூறு வருடத்தில் காந்த வடக்கே நகர்ந்திருக்கும், அதையும் கணக்குப் போட வேண்டும். மெட்டல் டிடெக்டரை அடிக்கட்டையைச் சுற்றி நகர்த்திக்கொண்டே வந்தார், ஓர் இடத்தில் கீச்சென்றது. கையாலேயே இலைச் சருகையும் மண்ணையும் விலக்கினார். நாலு அங்குல ஆழத்தில், துரு செதில் செதிலாக உரிந்த ஓர் இரும்புக் கம்பி. அதன் தலையில் இளஞ்சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, "உங்கள் மூலை இது" என்றார். ஆசிரியையும் நாயும் கல்வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்க்கு ஆரஞ்சுச் சட்டை.

முடிவு என்ன தெரியுமா? என் கோடு கல்வரிசையைத் தாண்டிப் போவது உண்மை. ஆனால் 60 அடி இல்லை, 40 அடி. பரண் கட்டிய மரம் 52-ஆவது அடியில். அதாவது ஒரு வருடத்துக்கு மேலாக நான்தான் அவர் நிலத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். கவுன்டி வரைபடம் வரி போடுவதற்கானது, எல்லை காட்டுவதற்கு இல்லை என்று சர்வேயர் அப்புறம் சொன்னார்.

அந்த 40 அடியை 693 அடி நீளத்தால் பெருக்கினால் சுமார் 64 சென்ட். அதையாவது விடக் கூடாது என்று வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே புல் வெட்டுவது யார்?" ஆசிரியைதான், 1990-களிலிருந்து. இரண்டு பக்கமும் ஒரு கோட்டை எல்லையாக ஏற்று 21 வருடம் நடந்துகொண்டால், பத்திரத்தில் என்ன இருந்தாலும் இந்த மாநிலத்தில் நீதிமன்றம் அந்தக் கோட்டையே எல்லையாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நிலத்தை விற்றவரும் கல்வரிசையைத் தாண்டியதில்லை. என்னிடம் பத்திரம் இருந்தது, ஆசிரியையிடம் வருடங்கள் இருந்தன.

அன்றே பரணைக் கழற்றினேன். மறுநாள் சர்வே வரைபடத்தோடு அவர் வீட்டுக்குப் போய், உங்கள் மரத்தில் பரண் கட்டியது என் தப்பு என்றேன். முதல் தடவையாக உள்ளே வரச் சொன்னார். மூன்று உட்காரலில் பேசி முடித்தோம். கல்வரிசையே எல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, 2022-இல் கவுன்டி பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்தோம். பதிலுக்கு என் நிலத்தின் கீழ்ப்பகுதிக்கு அவர் பாதை வழியாக வண்டி போக எழுத்தில் உரிமை. சுடப்பட்ட மான் அவர் பக்கம் ஓடி விழுந்தால் நான் தகவல் சொல்ல வேண்டும், அவர் கூட வருவார். இங்கே அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் போய் எடுக்க முடியாது. தொட்டியை அவரே எடுத்துவிட்டார். அவர் வீட்டைச் சுற்றி 150 கஜத்துக்குள் அவர் சம்மதமில்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வட்டம் என் நிலத்துக்குள்ளும் வருகிறது. நிறைய பேர் தன் நிலம்தானே என்று இதில் கோட்டை விடுவார்கள்.

"64 சென்ட்டை எழுதிக் கொடுத்துட்டு வந்தீங்களா?" என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அப்பாவிடம் பயந்துகொண்டே போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வண்டிப்பாதை கிடைச்சுதா? எழுத்துல இருக்குதா? அப்புறம் என்னடா."

கல்வரிசை நெடுக என் பக்க மரங்களில் ஊதா வண்ணம் அடித்தேன். பென்சில்வேனியாவில் 2020-இலிருந்து ஊதாக் கோடு இருந்தாலே நுழையாதே என்று அர்த்தம் (பிலடெல்பியா, அலெகெனி கவுன்டிகள் தவிர). எட்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம், தரையிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரத்தில், நூறு அடிக்குள் ஒன்று.

2023 டிசம்பரில் ஒரு மாலை. நான் சுட்ட மான் கல்வரிசையைத் தாண்டிப் போய், பதினைந்து அடி உள்ளே விழுந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, நாலு எட்டில் எடுத்துவிடலாம். துப்பாக்கியைக் காலி செய்து வண்டியில் வைத்துவிட்டு அவர் கதவைத் தட்டினேன். டார்ச்சோடு வந்தார். மானின் காதைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஒரு பழைய கிழிசல். அதன் பெயரைச் சொன்னார். அப்புறம் நான் ஒற்றை ஆளாக இழுக்க முடியாமல் தடுமாறியபோது ஒரு காலைப் பிடித்துக் கல்வரிசை வரைக்கும் இழுத்துவிட்டார். கறி வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

லோன்ஸ்டார் எழுதியது:

நீங்கள் ரொம்ப இளகிய மனசு, அண்ணா. வாணலி தட்டிய அன்றைக்கே வார்டனைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே டெக்சாஸில் சுட்ட குண்டு அனுமதி இல்லாமல் எல்லைக் கோட்டைத் தாண்டினாலே குற்றம், அதனால் கோடு எங்கே என்று தெரியாமல் யாரும் துப்பாக்கியைத் தொட மாட்டார்கள். பரண் விஷயத்தில் அந்த அம்மா பக்கம்தான் நியாயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுசா வந்தவன் எழுதியது:

எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்கிறார்களே?

லோன்ஸ்டார் எழுதியது:

பொதுவாகக் கூடாது, தம்பி. மத்திய சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, அதில் ஒன்று செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போச்சு. வாங்குவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுவிடு, விசா விஷயம்.

மானாவாரி எழுதியது:

நான் அந்த ஆசிரியை கட்சி. சத்தியமங்கலம் பக்கம் மூன்றரை ஏக்கர், மரவள்ளியும் சோளமும். காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பன்றி வருவது நிஜம். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். ஆனால் இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி நாமாகக் கொல்ல முடியாது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததும் வனத்துறைக்குத்தான்: காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக் கூடாது, ஒன்று முதல் மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றைத் தாண்டினால் அவர்களே சுடலாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதையெல்லாம் கேட்பாரா? சுருக்குக் கம்பி வைத்தார். எங்கே வைத்தார் என்பதுதான் விஷயம். எங்களுக்குள் பத்து வருடமாகத் தகராறில் இருக்கிற வரப்பில். என் நாய் அதில் மாட்டி, ஒரு காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வனத்துறையிலிருந்து வந்தவர், "இந்த வரப்பு யாருதுங்க?" என்று கேட்டார். வருடத்துக்கு ஒரு சால் என் பக்கம் வெட்டி வெட்டி வரப்பைத் தன்னுது என்று சொல்லிவந்த மனுஷன், அன்றைக்கு, "அது அந்தம்மாவுதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்த நாளே தாலுகா ஆபீசில் அளவைக்குப் பணம் கட்டினேன். சர்வேயர் புலப்படத்தைக் கொண்டுவந்து சங்கிலி பிடித்தார். கல் இரண்டு காணவில்லை, ஒன்று அவருடைய மோட்டார் ரூம் படிக்கட்டில் இருந்தது. கல் நட்டாகிவிட்டது. வரப்பு அவர் பக்கம்தான் போனது, எனக்கு ஒரு முழம் நஷ்டம். ஆனால் இப்போது அதில் எது கிடந்தாலும் அவர் பெயர்தான் வரும். கம்பி போய்விட்டது. சோலார் வேலி போடலாமா என்று என்னிடமே வந்து கேட்கிறார். முதலில் வனத்துறையில் பதிவு செய்யுங்கள் என்றேன்.

கொடிவேரிக்காரன் எழுதியது:

அக்கா, படிக்கட்டுக் கல்லைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நட்ட கல்லைப் பக்கத்தில் நிலையாக இருக்கிற ஏதாவது ஒன்றோடு, கிணறோ மின்கம்பமோ, சேர்த்து போட்டோ எடுத்து வையுங்கள். கல்லிலிருந்து அதுவரை எத்தனை அடி என்று டேப் பிடித்து எழுதியும் வையுங்கள். எங்கள் சர்வேயர் சொல்லித் தந்தது. நாய் இப்போது எப்படி இருக்கிறது?

மானாவாரி எழுதியது:

மூன்று காலிலேயே மயில் துரத்துகிறது.