காட்டுக் கரிபூ பற்றி விவரம் தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கனடாவின் காட்டுக் கரிபூ என்ற மான் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் இடிக்கிறது.

முதிர்ந்த காட்டை வெட்டினால் இளஞ்செடி தழைக்கிறது. அதை மேய மூஸ் என்ற பெரிய மான் வருகிறது, மூஸுக்குப் பின்னால் ஓநாய். எண்ணெய், எரிவாயு தேடிக் காட்டைக் கீறிய நேர்கோட்டுப் பாதைகளில் அதற்கு ராஜநடை வேறு. வந்த ஓநாய் கரிபூவையும் அடிக்கிறது; வருடத்துக்கு ஒரே குட்டி போடும் கரிபூ எப்படித் தாங்கும்? பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளின்சே-சா மந்தை 2013இல் 38க்கு இறங்கிவிட்டது. வெஸ்ட் மோபர்லி, சால்டோ பழங்குடியினர் சினை மான்களை வேலிக்குள் வைத்து, கையால் பொறுக்கிய லைக்கனை (மரத்திலும் பாறையிலும் படரும், பாசி போன்றது) உணவாகப் போட்டுக் காத்தார்கள். கூடவே ஓநாய்களும் கொல்லப்பட்டன. 2021இல் மந்தை நூறைத் தாண்டியது.

"ஓநாய் என்ன பாவம் செய்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் காட்டு வேலையில் இருக்கும் அண்ணன், அக்காமார் யாராவது சொல்லுங்கள்: அந்தப் பாதைகளில் மண்மேடு போட்டு, மரம் சாய்த்து, கன்று நட்டு மூடுகிறார்களே, ஓநாய் நடமாட்டம் நிஜமாகவே குறைகிறதா? நீங்களே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள், பெயர் போட்டே காட்டுகிறேன். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் புண்ணியம்.