அப்பாவின் கசற்றைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

திருகோணமலை நண்பர்களே, ஒரு அவசர உதவி. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் ரெக்கோடரை வைத்துப் பதிந்த கசற் ஒன்று வீட்டில் இருக்கிறது. 90 நிமிட கசற், ஒரு பக்கம் 45 நிமிடம். நடுவில் குசினியில் இருந்து “தேத்தண்ணி ஆறுது, வாங்கோ” என்று அம்மா கூப்பிடுவதும் விழுந்திருக்கிறது. அம்மா இப்போது இல்லை. அந்தக் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை.

உப்புவெளியில் கடற்காற்று எதையும் விடாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. போன கிழமை போட்டபோது பிளேயர் நாடாவை இழுத்துச் சுருட்டியது, பென்சிலால் சுற்றி எடுத்தேன். இனிப் போடப் பயம்.

டவுனில் கசற்றைத் திறந்து, நாடாவைத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றித் தரத் தெரிந்தவர் யாராவது உண்டா? அப்புறம் அதைக் கணினியில் ஏற்றவும் வேண்டும். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்றாலும் நானே கொண்டு வருவேன், தபாலில் அனுப்ப மனமில்லை. நல்ல கசற் டெக் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். அப்பா தினமும் அதைப் பற்றிக் கேட்கிறார்.