படத்திறப்பு, ஆராதனை, நினைவு நாள்: மனதை விட்டுப் போகாத ஒன்று இருந்தால் சொல்லுங்கள்

வெண்ணாறு:
நானே ஆரம்பிக்கிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். தவில் வித்வான் ஒருவர் காலமாகி பதினாறாம் நாள் படத்திறப்பு. தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசித்த மண் என்று இன்றைக்கும் மார்தட்டுகிற வட்டாரம், கூட்டத்துக்குக் குறைவில்லை. ஃபிளெக்ஸில் படம் திறக்க வருபவர் முகம் ஆளுயரத்துக்கு, வித்வான் ஓரத்தில், அதிலும் தவிலை வெட்டிவிட்டுத் தலை மட்டும். சரி, அது எங்கும் நடப்பதுதான், அதைச் சொல்ல வரவில்லை. சிஷ்யர்கள் நான்கு பேர் தனி வாசித்துக்கொண்டிருந்தார்கள். தனியை முடித்து வைக்கிற கோர்வைக்கு வருகிறார்கள் என்று தெரிந்து, தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், அந்த நேரம் பார்த்து கார் வந்துவிட்டது. மைக்கில் ஒருத்தர், "தம்பிகளா போதும் போதும், ஐயா வந்துட்டாங்க." மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பையன் மட்டும் இடது கையில் கழியைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான். அடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி முடிகிற வரைக்கும் கை இறங்கவில்லை. அப்புறம் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போய்விட்டான். அந்தக் கோர்வை எப்படி முடிந்திருக்கும் என்று இப்போதும் திடீரென்று யோசிப்பேன்.

குடமுருட்டி:
என்னுடையது திருவையாறு, தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்ன கோஷ்டி கானத்தன்று, உள்ளே போக முடியாத கூட்டம், டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆள் மேல் ஏறாத குறை. ஐந்து கீர்த்தனையில் முதலாவது, நாட்டை ராகம், முடிந்து அடுத்த கௌளை தொடங்கியாயிற்று. ஒரு அம்மா, எழுபதுக்கு மேல் இருக்கும், கையில் வாழைநாரில் கட்டிய கதம்பம், எல்லோரும் சமாதிப் பக்கம் முண்டியடிக்கும்போது இவர் மட்டும் நேரே நாகரத்தினம்மாள் சிலைக்குப் போனார். போய் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, அம்மாவுக்கு இன்னிக்கு யாரும் புதுப் பூ வைக்கலையா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அங்கே நின்றதே நிழலுக்காக. பூவைச் சாத்திவிட்டு, பின்னால் பந்தலில் ஆயிரம் பேர் பாடிக்கொண்டிருக்க, இவர் முணுமுணுப்பாக வேறு ஏதோ ஒன்றைப் பாடினார், என்ன பாட்டென்று காதில் விழவே இல்லை. பாடிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார், பெரிய சமாதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சமாதிக்கு எதிரே தியாகராஜரைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிற சிலைதான் அவருடையது. சொத்து நகையை விற்று சமாதிக்குக் கோயில் கட்டி 1920-களில் கும்பாபிஷேகம் செய்தவர். கட்டிய இடத்திலேயே பெண்கள் பாடக்கூடாது என்றார்கள், அதனால் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1952-ல் காலமானார். அவர் இல்லாவிட்டால் ஆராதனையே கிடையாது.

மேலவீதி:
குடமுருட்டி அவர்களே, கடைசி வரி சரியில்லை. ஆராதனை அதற்கு முன்பே உண்டு. தியாகய்யர் போனது 1847-ல். அதற்கப்புறம் சமாதி கேட்பாரற்றுக் கிடந்ததும், அவருடைய நேர் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903-ல் வந்து தேடிச் சீர் செய்ததும் புத்தகத்தில் இருக்கிறது. பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்று அண்ணன் தம்பி பிரிந்து ஆளுக்கொரு ஆராதனை, பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று. அம்மாள் வந்தது அதன் பிறகு. கோயிலை அவர் கட்டினார், கட்சிகளை ஒன்று சேர்த்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மற்றவர்களை அழித்துவிட்டுத்தான் ஒருத்தரைப் புகழ வேண்டுமா?

அடுத்து வெண்ணாறு தம்பிக்கு. அந்தப் பெரிய மனிதர் வராவிட்டால் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுத்திருப்பார்? நான் நினைவு நாள் கூட்டங்கள் நடத்துகிறவன், அதனால் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் விருந்தினருக்கு ஒரு நேரம் போட்டால் அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார், ஆகவே வாசிப்பை முன்னால் வைத்து, அவரிடம் சொல்லும் நேரத்தைப் பின்னால் தள்ளுங்கள். வளர்பிறை முகூர்த்த நாளில் வைத்தால் ஒரு நாயன செட்டும் கிடைக்காது, எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள், ஆடியில் வைத்தால் சும்மா இருப்பார்கள். ஃபிளெக்ஸ் கடையில் படத்தைக் கொடுக்கும்போது வாத்தியத்தோடு இருக்கிற படமாகப் பார்த்துக் கொடுத்து, வெட்டக்கூடாது என்று எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னால் வெட்டிவிடுவான். மைக் மொத்தத்தையும் ஒரே ஆள் கையில் கொடுக்காதீர்கள். மேடையில் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், பொன்னாடை வேண்டாம், அந்தக் காசைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். அப்புறம் இயல் இசை நாடக மன்றத்தில் நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு, குடும்பத்தார் கேட்டார்களா என்று விசாரியுங்கள், நிறையப் பேருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாமலே விட்டுப்போகிறது. பத்திரிகைச் செய்தி, கச்சேரி நோட்டீஸ், ரேடியோ கடிதம், எதையும் பழைய பேப்பர்காரனிடம் போடவிடாதீர்கள்.

என் அனுபவமா? ஒரு நாகஸ்வர வித்வானுடைய திதியன்று அவர் வீட்டுக்குப் போனேன். நாயனத்தைப் பூஜையறையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஊதுகிற சீவாளி இல்லை. கேட்டதற்கு, "பேரன் எடுத்து ஊதிப் பார்த்தான், உடைஞ்சிடுச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

அரசலாறு:
மேலவீதி அண்ணே, கடைசி மூன்று வரியை முதலில் எழுதியிருக்கலாமே :)

என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. 2020 செப்டம்பர் 25, எஸ்.பி.பி. போன நாள். மன்னார்குடியில் எங்கள் நண்பர் ஒருவர் இன்னிசைக் கச்சேரிக் குழு வைத்திருக்கிறார், எஸ்.பி.பி. குரலில் பாடியே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். கொரோனாவால் மார்ச்சிலிருந்து ஒரு கச்சேரி கிடையாது, வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பையன்கள் பாசத்தில் செய்தது, மேலே சின்னதாக எஸ்.பி.பி., நடுவில் நண்பர் மைக் பிடித்துப் பாடுகிற படம், எல்லாப் படத்தையும் விடப் பெரிதாக, நெற்றியில் விபூதியோடு. "கண்ணீருடன்" என்கிற எழுத்தோ எறும்பு அளவு. பார்த்தவன் எவனும் அதைப் படிக்கவில்லை. கொரோனா நேரம் வேறு, நேற்று பார்த்த ஆள் இன்று இல்லை என்றால் யாரும் ஆச்சரியப்படாத காலம். ஒரத்தநாட்டிலிருந்து சம்பந்தி அழுதுகொண்டே போன் பண்ணிவிட்டார், அதை எடுத்ததும் இவர்தான்.

நான் சிரித்துக்கொண்டே போஸ்டரைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும்டா. அவரும் நானும் ஒண்ணா போஸ்டர்ல வர்றது இதுதான் முதல் தடவை" என்றார். மழை வந்து அது தானாக ஊறி விழும் வரைக்கும் யாரையும் தொட விடவில்லை.

வெண்ணாறு:
அரசலாறு அண்ணே, சம்பந்தியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மேலவீதி ஐயா, உதவித்தொகை விஷயம் நல்ல தகவல், விசாரிக்கிறேன். ஆனால் சாப்பாடு போட்டவர் என்பதற்காகக் கோர்வையை வெட்டலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு நிமிடம் காரிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

வீரசோழன்:
நான் வாசிக்கிறவன். முதலில் மேலவீதி ஐயாவுக்கு: ஆடியில் சும்மா இருப்போம் என்று யார் சொன்னது? கல்யாணம்தான் கிடையாது, அம்மன் கோயில் திருவிழா எல்லாம் எப்போது நடக்கிறது? ஆடி வெள்ளிக்கு ஒரே நாளில் இரண்டு ஊர் வாசித்துவிட்டு வருகிறோம். புரட்டாசியில் கேட்டுப் பாருங்கள், அப்போதும் சனிக்கிழமை வேண்டாம்.

என் விஷயம். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12-ல் போனார். ஒரு வருஷம் அந்தத் தேதியில் நினைவஞ்சலி என்று கும்பகோணம் பக்கம் கூப்பிட்டார்கள். அவர் நாள் என்றால் அவர் பேர் சொல்லும் தோடி ராகத்தைத் தவிர வேறு எதை எடுப்பது? நரசிங்கம்பேட்டையில் செய்த ஆச்சாமரத்து நாயனம், சீவாளி அன்றைக்கென்று நன்றாகப் பேசியது, மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றேன், கரண்ட் போய்விட்டது. இருட்டு. ஏற்பாடு செய்தவர் மேடையேறி என் காதில், "அண்ணே, மைக் இல்ல, ஜெனரேட்டர் போட்டப்புறம் வாசிங்க" என்கிறார். நாயனத்தை வைத்துக்கொண்டு மைக்குக்குக் காத்திருக்கச் சொல்கிறார்! தேரோடும் வீதியில் நாலு தெருவுக்குக் கேட்கிற வாத்தியம் இது. நான் நிறுத்தவில்லை. கரண்ட் வந்தபோது பார்த்தால் பின் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டிருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் மட்டும் ஜெனரேட்டர்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் வெண்ணாறு தம்பி, அடுத்த தடவை நீங்கள் நடத்தினால் மைக்கைப் பேசுகிறவர்களுக்கு மட்டும் வையுங்கள். எங்களுக்கு வேண்டாம். சுருதிக்கு ஒத்து ஊத ஆள் கிடைக்காமல் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்கிறோம், அதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தால் போதும்.