முதலில் கெத்தும் இலைப் போதை நிற்கட்டுமா, மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கலாமா? (மகன், 16 வயது)

மூன்றாம்_ஷிப்ட் (பிறை, பினாங்கு) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெயர் போடவில்லை, மன்னிக்கவும், எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் இங்கே படிக்கிறார்கள்.

என் மகன் படிவம் 4 படிக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன்னால் துணி மடித்து வைக்கப் போனபோது, அலமாரியில் அவனுடைய பந்து விளையாடும் சப்பாத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கோலா போத்தல் இருந்தது. உள்ளே கோலா இல்லை, கலங்கிப்போன பச்சைத் தண்ணீர், அடியில் மண் மாதிரி ஏதோ படிந்திருந்தது. பக்கத்தில் இருமல் மருந்து போத்தல் மூன்று, மூன்றும் காலி. வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. என் தம்பியிடம் காட்டினேன், மூடியைத் திறந்து மோந்து பார்த்த உடனே கெத்தும் என்று சொல்லிவிட்டான்.

ஆனால் போத்தலைவிட எனக்குப் பையனைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. போன வருஷம் வரைக்கும் தைப்பூசத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பி நிற்பான், ரதத்துக்குத் தேங்காய் உடைக்க மூட்டை தூக்குவான். இந்த வருஷம் கட்டிலைவிட்டு எழவில்லை. பந்து விளையாட்டை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி வரைக்கும் தூங்குகிறான், ராத்திரி விழித்திருக்கிறான். நான் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து காலையில் வந்தால் மேசையில் சோறு மூடியபடியே இருக்கும். போன வாரம் ட்யூஷன் காசு பற்றிப் பேசும்போது சாதாரணமாக, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லாமல் போனால் உங்களுக்குச் செலவு மிச்சம்மா" என்றான்.

ஒரு தனியார் மையத்தில் ஆலோசகரைப் பார்த்தோம். மூன்று மாதம் எதையும் தொடாமல் சுத்தமாக இருக்கட்டும், அதற்கப்புறம் மனநல டாக்டரைப் பார்க்கலாம், இப்போது மருந்து கொடுத்தால் வீண் என்றார். வேறொரு டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசிவிட்டு டிப்ரெஷன் என்று மாத்திரை எழுதினார், கெத்தும் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வெட்கத்தில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியே. மாத்திரைக்கும் அடிமையாகிவிடுவான், முதலில் கெத்தும் குடிப்பதை நிறுத்தச் சொல் என்கிறார். மாத்திரையை இன்னும் வாங்கவில்லை.

எது முதலில்? அப்புறம், அரசாங்க கிளினிக்குக்குப் போனால் போலீஸ், பள்ளிக்கூடம் என்று பெயர் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயர்ஈத்தாம்_அப்பா எழுதியது:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். "நான் இல்லாமல் போனால்" என்று சொன்னானே, அதை இன்றைக்கே கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதாப்பா?" என்றே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று நானும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படிக் கிளம்பாது, எங்கள் டாக்டர் அதைத் திட்டியே சொன்னார். ஆமாம் என்று சொல்லி, எப்படி என்றும் யோசித்து வைத்திருந்தால் காத்திருக்காதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மலேசிய சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555 இருக்கிறது. நடு இரவென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் இருக்கிற பனடோல், தாத்தா பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி. எங்களையும் இதே மாதிரிதான் அலைக்கழித்தார்கள். என் மகனுக்கு அப்போது 17, வேப் எனும் மின்சிகரெட்டும் மதுவும். ஒரு கவுன்டரில் "குடியை நிறுத்திவிட்டு வா", இன்னொரு கவுன்டரில் "இது மனசு சம்பந்தப்பட்டது, இங்கே இல்லை". மூன்று முறை நிறுத்தினான், மூன்று முறையும் பத்து நாள் தாண்டவில்லை. ஏன் தாண்டும்? எதை மறக்கக் குடித்தானோ அது அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது, மறக்கிற வழியை மட்டும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார். முதல் நாளே மாத்திரை எழுதவில்லை. ஒரு 555 புத்தகம் வாங்கிவரச் சொன்னார், கடையில் கடன் எழுதுவார்களே அந்தச் சின்னப் புத்தகம்தான். தினமும் நாலு விஷயம்: எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான், குடித்தானா, மனசுக்குப் பத்துக்கு எத்தனை. எழுத வேண்டியது அவன், நாங்கள் தொடக்கூடாது. மூன்று வாரம் கழித்து அவர் அதைப் புரட்டியபோது எனக்கே தெரிந்தது, மனசுக்கு 2, 3 என்று போட்ட நாளுக்கு மறுநாள்தான் குடி. குடித்த மறுநாள் தூக்கம் இல்லை, அன்றைக்கு மறுபடி 2. வட்டம் போட்டுக் காட்டினார். அந்தப் புத்தகம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

பெயர் போகுமா என்று கேட்டீர்கள். சிகிச்சைக்குத் தாமாக முன்வர 1983-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சார்ந்தோர் சட்டத்திலேயே வழி இருக்கிறது, ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) மையங்களிலும் தாமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்) 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் கடிதம் வாங்கி, நிபுணரிடம் 5 வெள்ளி கட்டினோம். பள்ளிக்கு யாரும் போன் பண்ணவில்லை.

பழைய_தோட்டத்தான் எழுதியது:

எங்கள் காலத்தில் டிப்ரெஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோத்தான் பிரம்பு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும், அவ்வளவுதான். அம்மா ராத்திரி வேலை, அப்பா லோரி, வீட்டில் கேட்க ஆள் இல்லை. அதுதான் வியாதி.

மருந்தகத்தில்_12_வருஷம் எழுதியது:

அண்ணே, உங்கள் காலத்துத் தோட்டத்தில் சம்சுச் சாராயம் குடித்துக் குடல் வெந்து போனவர்களை எனக்கும் தெரியும், என் தாத்தா அதில் ஒருவர். அவர் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, ரோத்தானால் அது போகவும் இல்லை. 2022 தேசிய சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயது வரையுள்ள நம் நாட்டுப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு இருப்பதாக வந்தது. அந்த வீடுகளில் எல்லாம் அம்மா ராத்திரி வேலைக்கா போகிறார்?

அக்கா, மாத்திரையை இன்னும் வாங்காதது ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்று சொல்கிறேன். அந்த இருமல் மருந்து போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் என்று இருந்தால், அதை ஃபுளூவாக்சிடின் வகை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பது ஆபத்து. காய்ச்சல், நடுக்கம், வேகமான இதயத் துடிப்பு, குழப்பம் வரை போகலாம். கோடீன் என்றால் அது வேறு கதை, அதற்குத் தனியாக அடிமைத்தனம் உண்டு. அந்த அஞ்சு நிமிஷ டாக்டரிடம் நீங்கள் மறைத்தது இதனால்தான் பெரிய விஷயம். வெட்கப்படாதீர்கள், நாங்கள் கவுன்டரில் இதைவிட மோசமாக எல்லாம் கேட்டிருக்கிறோம்.

"சுத்தமான பிறகுதான்" என்கிற பேச்சு முழுக்கப் பொய் இல்லை. சில பிள்ளைகளுக்குப் போதையே சோர்வை உண்டாக்கும், நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் சோர்வு இருந்தால் அது தனி நோய் என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். கெத்தும் திடீரென்று நிற்கும்போதும் முதல் சில நாள் உடம்பு வலி, மூக்கு ஒழுகல், தூக்கமின்மை, மனசு இன்னும் கீழே. ஆனால் அந்த ஒரு மாதம் யாரும் பார்க்காமல் காத்திருக்கச் சொல்வதுதான் தவறு, அதுவும் சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளையை. உங்கள் மகன் விஷயத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும், பந்தை விட்டது முன்னாலா, போத்தல் முன்னாலா?

அமெரிக்காவில் கொலராடோவில் 126 பிள்ளைகளை, 13 முதல் 19 வயது, 16 வாரம் வைத்துப் பார்த்தார்கள், 2007-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் உண்டு. போதையை நிறுத்தாமலேயே சேர்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் பேச்சுச் சிகிச்சை, பாதிப் பேருக்கு ஃபுளூவாக்சிடின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத பொய் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சோர்வு ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. போதையை மாத்திரை தனியாகக் குறைக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கமாக இருந்தாலும் யாருக்குச் சோர்வு விலகியதோ அவர்களிடம் போதையும் குறைந்தது. எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அண்ணனிடம் (உங்கள் வீட்டுக்காரரைச் சொல்கிறேன்) இதைச் சொல்லுங்கள்: ஃபுளூவாக்சிடின் போதை தருகிற மாத்திரை இல்லை. ஆனால் வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். 2004-இல் அமெரிக்க மருந்துத் துறை கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது, சோதனைகளில் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி, பொய் மாத்திரைக்காரர்களில் 2 பேருக்கு, இறந்தவர் யாரும் இல்லை. அதனால் முதல் வாரங்களில் அடிக்கடி பார்க்க வேண்டும், மாத்திரையை நீங்கள் கையில் கொடுக்க வேண்டும், முழு அட்டையை அவனிடம் தரக்கூடாது.

இன்னொன்று. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நாள்கணக்கில் எடுத்தவர்கள் அந்த இரண்டையும் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

ஃபெரி_பையன் எழுதியது:

ஆன்ட்டி, எனக்கு இப்போது 22. நான் அந்தப் போத்தலின் சொந்தக்காரன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள், தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கட்டுவார்களே அதே மாதிரி ஓரத்தில் முடிச்சுப் போட்டு. கசப்பு தாங்காது, அதற்குத்தான் கோலாவும் சிரப்பும். ஜாலிக்குக் குடிக்கிறான் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். எனக்கு அது ஜாலியே இல்லை. மண்டைக்குள்ளே நாள் முழுக்க ஒரு குரல், நீ எதற்கும் லாயக்கில்லை என்று ஓடிக்கொண்டே இருக்கும், குடித்தால் ஒரு நாலு மணி நேரம் அது நிற்கும். அவ்வளவுதான். அம்மா பையைச் சோதித்தார், நான் பாத்ரூம் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்தேன். அப்பா கத்தினார், அன்றைக்கு இரண்டு பை குடித்தேன்.

என்னைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "இது உனக்கு என்ன நல்லது செய்கிறது?" ஒரு வருஷமாக எல்லாரும் கெட்டதைத்தான் கேட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் குரலைப் பற்றிச் சொன்னேன். அஞ்சாவது வாரம் மறுபடி குடித்துவிட்டுப் போனேன், வெளியே தள்ளுவார் என்று நினைத்தேன். என்றைக்கு, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அடுத்த தேதி கொடுத்தார்.

அம்மா செய்ததில் உதவியது ஒன்றே ஒன்று. லீவு நாளில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போய், இறங்கி, சாப்பிட்டுவிட்டு அதே ஃபெரியில் திரும்புவோம். கெத்தும் பற்றிப் பேசக்கூடாது என்று ஒப்பந்தம். நாலாவது முறை நானேதான் பேசினேன். குடித்திருக்கிற நாளில் கூட்டிப் போகமாட்டார், திட்டவும் மாட்டார், இன்றைக்கு வேண்டாம்பா என்று மட்டும் சொல்வார்.

மூன்றாம்_ஷிப்ட் எழுதியது (9 நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. தோட்டத்து அண்ணனுக்கும்தான், அவர் எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது, "என் பொண்டாட்டி வேலைக்குப் போவதை இவன் யார் சொல்ல" என்று ஆரம்பித்து மற்ற பதில்களையும் முழுசாகப் படித்துவிட்டார்.

அன்று ராத்திரியே கேட்டேன். கை நடுங்கியது. "சில நேரம் வரும்மா, ஆனா செய்யமாட்டேன்" என்றான். அப்புறம் ரொம்ப நேரம் அழுதான், நானும். வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துவிட்டேன். பந்துதான் முதலில் போயிருக்கிறது, கெத்தும் அதற்கு நாலு மாதம் கழித்து. அணியில் ஏதோ நடந்திருக்கிறது, முழுசாக இன்னும் சொல்லவில்லை.

கிளினிக்கில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் இருபது நிமிஷம் பேசினார். நிபுணருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார், கடிதத்தில் இரண்டும் ஒரே வரியில் இருக்கிறது. அடுத்த வியாழன் தேதி. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை தன்னிடமே வரச் சொன்னார். முந்தாநாள் குடித்தான் என்று அவனே சொன்னான், நான் ஒன்றும் சொல்லவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தேன்.

அப்பாயின்மென்ட் கார்டைக் காணோம் என்று காலையில் வீடு முழுக்கத் தேடினேன். அவன் போன் உறைக்குள் வைத்திருக்கிறான்.

மருந்தகத்தில்_12_வருஷம் எழுதியது:

நல்லது அக்கா. வியாழக்கிழமை அந்த மூன்று காலி சிரப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், லேபிளைக் கிழிக்காமல்.