முன்னாடி டிஸ்க் போட்ட பழைய கார், பிரேக் விடாமல் பிடிச்சுக்குது. உதவி தேவை

பழைய செடான்:
வணக்கம். 1960களில் வந்த செடான் ஒண்ணு வாங்கியிருக்கேன். முன்பு வெச்சிருந்தவர் முன் டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போட்டிருக்கார். பின்னாடி டிரம்தான். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுறது) பழசு, ஒத்தை சர்க்யூட் (நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி), தரைத்தகட்டுக்கு அடியில இருக்கு. மிதிக்கு வலு கூட்டுற பூஸ்டர் கிடையாது.

கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன் சக்கரம் ரெண்டும் சூடேறி பேட் கருகுற வாடை வருது. சமதரையில நியூட்ரல் போட்டுத் தள்ளினா வண்டி நகர மாட்டேங்குது. பின் சக்கரம் தாராளமா சுத்துது. பேடை டிஸ்க்ல அழுத்துற காலிப்பர் பிஸ்டன் தடையில்லாம உள்ளே போகுது, ஹோஸும் புதுசு. பெடலும் ரொம்ப பலமா மிதிக்க வேண்டியிருக்கு. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கட்டும்?

கிரீஸ் கை:
பின்னாடி சூடாகலை, முன்னாடி மட்டும்தான்னு சொன்னது நல்ல தடயம். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்ல, வெளியே போற வாயில ரெசிடுவல் வால்வு உள்ளேயே இருக்கும். காலை எடுத்த பிறகும் லைன்ல சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்ட்) அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். டிரம்ல ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால பாதிப்பில்லை. டிஸ்க்ல ஸ்பிரிங் கிடையாது, பிஸ்டன் சீல் முறுக்கு விட்டுத் திரும்புற அளவுதான் பேட் விலகும். 2 அங்குல பிஸ்டன்னா பரப்பு 3.1 சதுர அங்குலம். அதுல 10 பிஎஸ்ஐ நின்னா கிட்டத்தட்ட 14 கிலோ விசை பேடை ரோட்டர்ல (டிஸ்க் தட்டுல) அழுத்திக்கிட்டே இருக்கும்.

ஆனா ஊகத்துல சாமான் வாங்காதீங்க. பிடிச்சிருக்கும்போதே வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி, மாஸ்டர் சிலிண்டர் வாயில பைப் நட்டைக் கொஞ்சமா தளர்த்துங்க. சக்கரம் விட்டா கோளாறு மாஸ்டர்ல. விடலைன்னா அதுக்குக் கீழே, புது ஹோஸா இருந்தாலும் உள்பக்கம் அடைச்சிருக்கலாம். கண்ணாடி போட்டுக்கோங்க, பிரேக் ஆயில் வண்டி பெயிண்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

மாஸ்டர்னு தெரிஞ்சா இன்னொரு சோதனை: மூடியைத் திறந்து வெச்சு, ஒருத்தரை பெடலை மெதுவா மிதிக்கச் சொல்லுங்க. மிதிக்க ஆரம்பிச்ச உடனே உள்ளே சின்னதா ஒரு கொப்பளிப்பு வரணும். வரலைன்னா ஆயில் திரும்புற ரிட்டர்ன் ஓட்டை மூடியிருக்கு, பெடல்ல இருந்து தள்ளுற புஷ் ராடுக்கு ப்ளே (இடைவெளி) இல்லைன்னு அர்த்தம். வந்தா வால்வுதான்.

பழைய செடான்:
பார்த்துட்டேன் அண்ணா. நட்டைத் தளர்த்தினதும் சொட்டு பீய்ச்சி அடிச்சுது, ரெண்டு சக்கரமும் விட்டுடுச்சு. கொப்பளிப்பும் தெளிவா வருது. அப்ப அந்த வால்வைக் கழட்டிப் போட்டா போதுமா?

கிரீஸ் கை:
கழட்டணும், ஆனா அதோட நிறுத்தக் கூடாது. பின் டிரம்முக்கு அந்த அழுத்தம் தேவை. வீல் சிலிண்டர் ரப்பர் கப் விரிஞ்சு நிக்க, காத்து உள்ளே வராம இருக்க அதுதான் காப்பு. உங்க மாஸ்டர் காலிப்பரை விடத் தாழ்வா இருக்கிறதால முன்பக்கத்தையும் வெறுமனே விட முடியாது. ஆயில் கீழே இறங்கிடும், நிறுத்தி வெச்சு எடுக்கிறப்ப முதல் மிதி ஆழமாப் போகும். பைப் முன்னும் பின்னும் பிரியற டீக்கு அப்புறம், முன் கிளையில 2 பிஎஸ்ஐ, பின் கிளையில 10 பிஎஸ்ஐ வால்வு தனித்தனியா போடுங்க. அம்புக்குறி சக்கரத்தைப் பார்க்கணும்.

நாலு சக்கரம்:
பெடல் பலமா இருக்கிறதுக்குக் காரணம் வேற. டிரம்ல சுழற்சியே ஷூவை இழுத்து இறுக்கும், டிஸ்க்ல அந்தத் துணை இல்லை. மாஸ்டர் போரை (உள் விட்டத்தை) 1 அங்குலத்துல இருந்து 7/8க்கு இறக்கினா அதே மிதிக்கு அழுத்தம் 30 சதவீதம் கூடும். ஆனா காலிப்பருக்கு ஆயில் அதிகம் வேணும், பெடல் ஓட்டம் நீளும். அதனால பூஸ்டர்தான் சரி. எப்படியும் மாத்தப் போறீங்க, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் உள்ள டாண்டம் மாஸ்டரே போடுங்க. ஒத்தை சர்க்யூட்ல ஒரு பைப் வெடிச்சா நாலு சக்கரமும் போச்சு. முன்பக்கம் நல்லாப் பிடிக்குற வண்டில பின் டிரம் முதல்ல லாக் ஆகுதான்னும் ஈரமில்லாத காலி இடத்துல பாருங்க, லாக் ஆனா பின் லைன்ல அழுத்தத்தைக் குறைக்கிற ப்ரொபோர்ஷனிங் வால்வு வேணும்.

பழைய செடான்:
உள் வால்வை எடுத்துட்டு ரெண்டு வால்வும் போட்டாச்சு. சக்கரம் ஒரு விரலால சுத்துது. ஆனா பைப்ல இருந்து எத்தனை தடவை காத்து எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது.

கிரீஸ் கை:
காலிப்பர்ல காத்து எடுக்கிற பிளீட் நிப்பிள் மேலே இருக்கா கீழேயா?

பழைய செடான்:
ரெண்டுலயும் கீழே இருக்கு.

கிரீஸ் கை:
அப்ப முன்னாடி வேலை பார்த்தவங்க இடது வலது மாத்தி மாட்டியிருக்காங்க. மேலே தேங்கின காத்து கீழ் நிப்பிள் வழியா வராது. இடம் மாத்தி மாட்டி மறுபடி எடுங்க.

பழைய செடான்:
மாத்தி மாட்டினதும் நுரை நுரையா வந்து தெளிஞ்சுது. பெடல் இப்ப பாதியிலேயே திடமா நிக்குது, ஓட்டி வந்த பிறகும் முன்பக்கம் தேய்க்கலை. பின் சக்கரமும் லாக் ஆகலை. டாண்டம் போடுற வரை நெடுந்தூரம் எடுக்கப் போறதில்லை. ரொம்ப நன்றி அண்ணா.